ஏலேக்கு ஒரு வீடு

கீழக்கரை,
12.10.2024

அன்புத் தோழி சோலையம்மாளுக்கு மெஹருன்னிசா எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கே சுகம். சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் வீரபத்திரன் அண்ணன் மிளகாய் விதைப்பை முடித்துவிட்டாரா?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே போனை எடுத்தால் பக்கத்து வீட்டு ஹாஃபிஸா வந்து உட்கார்ந்துகொள்கிறாள். உன் வீட்டிலோ ஸ்பீக்கரில் போட்டு அபிராமம் முழுக்கக் கேட்க வைக்கிறீர்கள். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பிரிந்த நாளிலிருந்து நமக்குக் காகிதம்தான் சரிப்பட்டு வருகிறது.

விஷயம் இதுதான். ஒரு நாய் வந்து சேர்ந்துவிட்டது. சிரிக்காதே.

போன வாரம் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனேன். கவிழ்த்துப் போட்ட வள்ளம் ஒன்றின் நிழலில் பழுப்பு நிறத்தில் ஒரு ஆண் லாப்ரடார். ஒரு வயசு இருக்கும். வெளியூர்க் கார் ஒன்று இறக்கிவிட்டுப் போய்விட்டதாம். தெருநாய்கள் சுற்றி நின்று குரைக்கின்றன, இது எழுந்து ஓட வேண்டாமா? முன்கால் எழுகிறது, பின்பாதி மணலிலேயே கிடக்கிறது. கல்லெடுத்து விரட்டினேன். விரட்டிய பிறகுதான் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. ஹாஸ்டல் வாசல் நாய்க்குப் பயந்து நான் பின்வாசல் வழியாக வகுப்புக்கு வந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறவள்தானே நீ.

மீன்காரரிடம் ஒரு சாக்கு வாங்கி, அதன் வயிற்றடியில் விட்டு, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தேன். பின்பாதி எழுந்தது. அது முன்னால் நடக்க, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தேன். ஆட்டோ ஓட்டும் ஜெய்னுலாபுதீன் வண்டியை நிறுத்தி, “என்ன மாமி, புது வண்டி ஓட்டிப் பழகுறீகளா?” என்று கேட்டான். ஊரே பார்த்தது.

ராமநாதபுரத்தில் கவிப்ரியா என்று சின்ன வயசு மாட்டு டாக்டர் ஒரு பெண் இருக்கிறாள். படம் எடுத்துப் பார்த்தாள். இடுப்பில் தொடை எலும்பு உட்கார ஒரு கிண்ணம் இருக்குமாம். இதற்கு அந்தக் கிண்ணம் ஆழமில்லை, எலும்பு நிற்காமல் வழுகுகிறது. அடிபட்டதல்ல, ரத்தத்தில் வந்தது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்திருக்கும், குட்டி விற்கிறவர்கள் பார்க்காமல் இணை சேர்த்துவிடுகிறார்கள் என்றாள். ஆறாது, நோவைக் குறைக்கலாம். எடை ஏறக்கூடாது, படி கூடாது, வழுக்குத் தரை கூடாது, நீந்தினால் நல்லது.

இப்போது என் கஷ்டத்தைக் கேள். வருகிற நோன்புப் பெருநாளுக்குள் மகள் லாமியாவும் மாப்பிள்ளை நவ்ஷாத்தும் பிள்ளைகளோடு துபாயை விட்டு ஒரேயடியாக வருகிறார்கள். இங்கேதான் இருக்கப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் கண்மூடி மௌத்தான பிறகு இந்தப் பெரிய வீட்டில் தனியாகக் கிடந்து தொழுகைப் பாயில் நான் கேட்டது அதுதான். மாப்பிள்ளை சுத்தம் பார்க்கிறவர். அவரைத் தப்புச் சொல்ல முடியாது, மார்க்கம் சொல்வதும் அதுதான். அதற்குள் நாய்க்கு ஒரு வீடு பார்த்தாக வேண்டும். உன் பக்கம் விசாரித்துச் சொல்.

நான் இதுவரை தொடவில்லை. பேரும் வைக்கவில்லை. பேர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் துஆ.
மெஹர்


அபிராமம்,
27.10.2024

அடி மெஹர்,

நலம். முழங்கால் மட்டும் என்னோடு சேர்ந்து வர மறுக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கவலைப்பட்டேன். என் டாக்டர் எனக்குச் சொன்னதையே உன் டாக்டர் அந்த நாய்க்கும் சொல்லியிருக்கிறாள். எடையைக் குறை, படி ஏறாதே, வழுக்குகிற இடத்தில் நடக்காதே. நீந்தச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நானே வாங்கிக்கொள்வேன். ஆனால் எங்கள் கருப்பன் இன்னொரு ஆண் நாயை வாசலில் பார்த்தால் அன்றே ரத்தக்களரி. பின்னங்கால் நிற்காத பிள்ளையை அவனிடம் விட முடியாது.

தங்கசாமி என்று ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், புது வீடு கட்டி நாய் தேடிக்கொண்டிருக்கிறார். நோயையும் சொல்லிவிட்டேன். “கெடக்கட்டும்மா, நானும் இடுப்பு புடிச்சவந்தானே, ரெண்டு பேரும் சேந்து உக்காந்திருப்போம்” என்றார். அடுத்த வாரம் உன்னிடம் அனுப்புகிறேன். அவர் மனசு கோணாமல் பேசு. உனக்கு வாய் நீளம்.

சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடு.
உன் சோலை


கீழக்கரை,
14.11.2024

அன்புள்ள சோலைக்கு,

நீயும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மழை. கொல்லையில் தென்னை எல்லாம் குளித்துவிட்டு நிற்கின்றன.

தங்கசாமி அண்ணன் வந்தார். நல்ல மனுஷர். பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். ஆனால் பேச்சோடு பேச்சாகத் தன் புது வீட்டுத் தரையைப் பற்றிச் சொன்னார். கண்ணாடி மாதிரி டைல்ஸாம், முகம் தெரியுமாம். சோலை, அந்தத் தரையில் இவன் ஒரு நாள் நடந்தால் இடுப்பு என்ன ஆகும்? முடியாது என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன்.

விடியலில் சுபுஹுத் தொழுதுவிட்டு அவனைக் கடலுக்குக் கூட்டிப் போகிறேன். நம் பக்கத்துக் கடல் தெரியும்தானே, இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் வரை. கரையில் முயல் மாதிரிப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் துள்ளித் துள்ளித்தான் வருவான். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அவனுக்கு நோயே இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவான். கரையேறியதும் இடுப்பு மறுபடி ஞாபகம் வந்துவிடும், நின்று என்னைப் பார்ப்பான். நான் சாக்கை எடுத்துக்கொண்டு போவேன்.

பேர் வைக்கவில்லை என்று சொன்னேனா? ஜெய்னுலாபுதீன் அவனை “ஏலே” என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டான். இப்போது தெருவில் யார் யாரை ஏலே என்றாலும் இவன் திரும்பிப் பார்க்கிறான். அது பேர் இல்லை.

வேறு வீடு பார். பார்க்கிறவர்களிடம் சொல், சாது. சாப்பாட்டில் வம்பு பண்ணமாட்டான். காது அவ்வளவு மெத்து, புதுத் தலையணைப் பஞ்சு மாதிரி. இடது இடுப்பில் மட்டும் அழுத்தித் தடவக் கூடாது, எலும்பு கையில் தட்டும், முனகுவான்.

அண்ணனுக்கு என் சலாம் சொல்.
மெஹர்


அபிராமம்,
3.12.2024

என் அன்பு மெஹருக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். கண்மாய் நிறைந்துவிட்டது, மிளகாய்ச் செடி முழங்கால் உயரம். உன் சுகத்தை எழுது, சும்மா “சர்க்கரை பேச்சைக் கேட்கவில்லை” என்று நழுவாதே.

உன் போன கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தொடாத நாயின் காது பஞ்சு மாதிரி என்று எப்படி அம்மா தெரிந்தது? இடது இடுப்பில் எலும்பு தட்டுவது யார் கையில்? ஹாஃபிஸா கையிலா?

போகட்டும். இந்தத் தடவை நீ வேண்டாம் என்று சொல்லவே முடியாத ஆள் கிடைத்திருக்கிறார். தங்கச்சிமடத்தில் இமானுவேல் என்று ஒரு தம்பி, ஐஸ் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பிரபுவோடு கல்லூரியில் படித்த பையன். வீட்டைச் சுற்றி மணல், டைல்ஸ் கிடையாது. மாடி கிடையாது. வாசலில் இறங்கினால் கடல். ஏற்கெனவே தெருவில் அடிபட்ட இரண்டு பெட்டை நாய்களை வளர்க்கிறார். விவரம் கேட்டதும் “அக்கா, அவனையும் விட்ருங்க, நம்ம கடல்ல நீந்தட்டும்” என்றார். மறு பேச்சில்லை. இதைவிட நல்ல வீடு உனக்குத் தேடித் தர என்னால் முடியாது.

சொல், எப்போது வரச் சொல்லட்டும்?
உன் சோலை


கீழக்கரை,
21.12.2024

அன்புள்ள சோலைக்கு,

இந்தக் கடிதம் வரும்போது நீ நல்லபடியாக இருக்க வேண்டும். சர்க்கரை இருநூற்றுக்கு மேல். போதுமா?

காது விஷயம், கடலில் இருந்து ஏறும்போது தெரியாமல் கை பட்டது. உடனே கழுவிவிட்டேன். கொல்லைக் குழாயடியில் ஒரு வாளி மண் வைத்திருக்கிறேன். முறைப்படிதான் எல்லாம்.

இமானுவேல் தம்பி நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் யோசித்துப் பார். தீவில் காற்று அதிகம். எலும்பு நோய்க்குக் காற்று ஆகாது. அக்காள்மடம் பக்கம் தெருநாய் தொல்லை என்று ஹாஃபிஸா சொல்கிறாள். தவிர, ஐஸ் கடை என்றால் எந்நேரமும் ஈரம், வழுக்கும். பாம்பன் பாலத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் வண்டியில் போக அவனுக்கு ஒத்துக்கொள்ளுமா?

இவ்வளவையும் எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். நேற்று மாப்பிள்ளை போனில் பேசினார், நாய் சேதி அவர் காதுக்கு எட்டிவிட்டது. கோபமாகப் பேசவே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. “மாமி, டிக்கெட் போட்டாச்சு. வீட்டுக்குள்ள பிள்ளைக தரையில உக்காந்து விளையாடுவாங்க, தொழுவாங்க. அதுக்குள்ள அதுக்கு எங்கயாச்சும் நல்ல எடமாப் பாத்துருங்க மாமி” என்றார். பின்னால் லாமியா “உம்மா, நாங்க வர்றோம் உம்மா” என்று சந்தோஷத்தில் சத்தம் போடுகிறாள்.

என் மகள் வீட்டுக்கு வருகிறாள். எனக்கு அதுதான் பெரிசு. இமானுவேல் தம்பியைப் பொங்கல் கழித்து வரச் சொல். காற்று, பாலம் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

மெஹர்


கீழக்கரை,
30.1.2025

அன்புள்ள சோலைக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய பொங்கல் கரும்பும் கிழங்கும் வந்து சேர்ந்தன.

இமானுவேல் தம்பி வந்தார். நல்ல மாதிரி. அழைத்துப் போனார். சாக்கையும் கொடுத்தனுப்பினேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். லாமியாவின் அறைக்கு இளம்பச்சை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி, பருப்பு வாங்க வேண்டும். வெந்தயம் இந்த வருஷம் தரமாக இல்லை. ஹாஃபிஸாவின் மருமகளுக்கு ஆண் குழந்தை. வேறொன்றும் விசேஷம் இல்லை.

மெஹர்


அபிராமம்,
13.2.2025

மெஹர் கண்ணு,

நாங்கள் நலம். நீ?

வெந்தயம் தரமாக இல்லை என்று இத்தனை வருஷத்தில் நீ எனக்கு எழுதியதில்லை. அரை பக்கக் கடிதமும் எழுதியதில்லை. அவனைப் பற்றி ஒரே ஒரு வரி.

இரண்டு வெள்ளிக்கிழமை போன் போட்டேன். எடுக்கவில்லை. காலையில் அடித்தாலும் இல்லை, சாயந்திரம் அடித்தாலும் இல்லை. எங்கே போயிருந்தாய்?

வருத்தமாக இருந்தால் வருத்தமாக இருக்கிறது என்று எழுது. காகிதம் நம் இருவருக்கு மட்டும்தானே.
சோலை


கீழக்கரை,
26.2.2025

அன்புள்ள சோலைக்கு,

அல்லாஹ் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும். உன் முழங்காலுக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய்.

எனக்கு என்ன வருத்தம்? மகள் வரப்போகிறாள், சுவர் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் நோன்பு பிறக்கப்போகிறது. வெள்ளிக்கிழமைகளில் வெளியே கொஞ்சம் வேலை இருந்தது. வங்கி வேலை, கடை வேலை. வேறொன்றும் இல்லை. நீயாக எதையாவது கற்பனை பண்ணாதே.

மெஹர்


அபிராமம்,
13.3.2025

ஏடி மெஹர்,

உன் சுகத்தை இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ பொய் எழுதுவாய். சர்க்கரையோடு நோன்பும் வைத்துக்கொண்டு உன்னை யார் பஸ்ஸேறச் சொன்னது?

மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காய்கிறது. அதை விட்டுவிட்டு நான் போன திங்கட்கிழமை உன் வீரபத்திரன் அண்ணனை இழுத்துக்கொண்டு ராமேசுவரம் போனேன், வேண்டுதல் ஒன்று பாக்கி. திரும்பும்போது தங்கச்சிமடத்தில் இறங்கினோம். ஏலே நன்றாக இருக்கிறான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மெலிந்து, மினுமினுவென்று, கடலில் இருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்தான். அந்த இரண்டு பெட்டைகளும் அவனை மாப்பிள்ளை மாதிரி நடத்துகின்றன.

இமானுவேல் டீ கொடுத்தார். பேசிக்கொண்டே இருந்தவர், “அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த மாமி வெள்ளிக்கிழம தவறாம வாராக. ரெண்டு பஸ் மாறி வாராகளாம். அந்தப் பூவரச மரத்தடியில இவங்கூடக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிருவாக. போறப்ப எங்க குழாயடியில மண்ணள்ளிப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையக் கழுவுறாக. நம்ம நாயி அவ்வளவு அழுக்காவா இருக்கு? எனக்கு ஒண்ணும் வெளங்கல” என்றார்.

எனக்கு விளங்கியது. டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அண்ணன் பயந்துவிட்டார். அழுது முடித்த பிறகு உன் மேல் வந்த கோபம் இருக்கிறதே! வங்கி வேலையாம், கடை வேலையாம்.

ஊருக்கு வருகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஹாஸ்டலில் நீதான் எனக்குச் சொன்னாய். சும்மா ஆசைக்கு நாய் வளர்க்கக் கூடாது, ஆனால் ஆடு மாட்டுக்கும் தோட்டத்துக்கும் காவலாக வைக்கலாம், அதற்குத் தடை இல்லை என்று. நீ சொன்னதில் இது ஒன்று மட்டும் என் மண்டையில் நின்றிருக்கிறது. உன்னிடம் தோப்பு இருக்கிறது, ஆனால் தென்னை மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. ஆடுதான் இல்லை.

நாய்க்கு வீடு கேட்டாய். நான் உன் வீட்டுக்கு ஆடு அனுப்புகிறேன். இரண்டு வெள்ளாடு, ஒன்று சினை. வருகிற வாரம் இமானுவேல் கீழக்கரைக்கு ஐஸ் ஏற்றி வருகிறார். அபிராமத்துக்கே வந்து ஆடுகளை ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நாய் அவர் வண்டியிலேயே இருக்கும். “மாமிக்குத்தானே அக்கா, சந்தோசமாக் கொண்டாந்து விடுறேன்” என்றார். மூன்று பேரும் சேர்ந்து உன் கொல்லை வாசலில் வந்து இறங்குவார்கள். ஆடு இரவல்தான். பக்ரீத் வருகிறது என்று கத்தியைத் தீட்டிவிடாதே.

மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல். மறைத்து எதையும் செய்யாதே, உனக்கு மறைக்கவும் தெரியவில்லை.
சோலை


கீழக்கரை,
12.4.2025

என் சோலைக்கு,

நீயும் அண்ணனும் உன் வீட்டு ஆடு மாடு கோழியும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள், இரண்டு ஆடு, ஒரு நாய். சொல்லிப் பார், நான் எப்போது பேனா எடுப்பது?

ஐஸ் வண்டிக் கதவைத் திறந்ததும் முதலில் ஆடு குதித்தது, அடுத்து இமானுவேல் தம்பி என் சாக்கை நீட்டினார். பிறகு அவன் என்னைப் பார்த்தான். இறங்க முடியாமல் பின்பாதியை இழுத்துக்கொண்டு வண்டி ஓரத்துக்கு வந்து, என் தோளில் தலையைப் போட்டுக்கொண்டான். நான் ஒதுங்கவில்லை. அன்று கழுவிய கழுவலில் குழாயடி மண் வாளி காலி. நான் வருத்தப்பட்டேன் சோலை. ரொம்ப வருத்தப்பட்டேன். அன்றைக்கு எழுத வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

பெருநாளுக்கு முன்பு அவர்கள் வந்தார்கள். வந்த அன்றே மாப்பிள்ளையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், தங்கச்சிமடம் பஸ் வரைக்கும். லாமியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  மறுநாள் மாப்பிள்ளை தாமே போய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். எனக்கும் உள்ளுக்குள் அந்த உறுத்தல் இருந்தது. ஆட்டைக் காட்டி அல்லாஹ்விடம் கணக்குக் காட்டுகிறேனோ என்று.

“மாமி, ஆடு இருக்கு, தோப்பு இருக்கு. காவலுக்குன்னா வச்சுக்கிறலாம்னு ஹஜ்ரத் சொல்றாக. ஆனா அது நெசமாவே காவல் பாக்கணும், பேருக்கு இருக்கக் கூடாது” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “பக்ரீத் வரைக்கும் பாப்போம். பாக்கலைன்னா தங்கச்சிமடத்துக்கே அனுப்பிருங்க” என்றார். நியாயமான பேச்சு. சரி என்றேன்.

அதனால் ஏலே கொல்லையிலேயே, கீற்றுக் கொட்டகையில். வீட்டுப்பக்கம் வருவதில்லை. ஆனால் காவல் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல? நேற்று ஒரு ஆடு அவன் கஞ்சியைக் குடித்தது. இன்னொன்று அவன் முதுகில் சாய்ந்து தூங்கியது. போஸ்ட்மேன் வந்தபோது வாலை ஆட்டினான். மாப்பிள்ளை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.  இந்த முறை அவன் போனால் பஸ்ஸேறிப் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை.

துஆ செய். உன் சாமியிடமும் சொல்லி வை.
மெஹர்


அபிராமம்,
25.4.2025

மெஹருக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி எல்லோரும் நலம். என் சாமியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் ஊர் நாய் என்றும் விவரமாகச் சொன்னேன்.

அவனுக்கு இப்போது தகுதிகாண் பருவம். நான் வேலையில் சேர்ந்தபோது இரண்டு வருஷம் எனக்கும் அப்படித்தான். அதிகாரி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாலே அகர வரிசை மறந்துவிடும். மாப்பிள்ளை ஜன்னலில் நின்று பார்த்தால் அவன் எப்படிக் காவல் காப்பான்? திரையை இழுத்து விடு.

குட்டி போட்டதும் எழுது.
சோலை


கீழக்கரை,
24.5.2025

என் சோலைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் எல்லோரும். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். ஆடு இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு குட்டி போட்டது, வெள்ளையில் கறுப்புப் புள்ளி. எழுதலாம் எழுதலாம் என்று இருந்து, இப்போது அதைவிடப் பெரிய சேதி வந்துவிட்டது.

வியாழக்கிழமை. மத்தியானம் நான் உள்ளே லுஹர் தொழுதுகொண்டிருந்தேன். லாமியா பிள்ளைகளோடு ஹாஃபிஸா வீட்டில். மாப்பிள்ளை தொழுதுவிட்டு வந்து பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று கொல்லையில் ஒரு குரைப்பு. எந்த நாய் என்றே எனக்குத் தெரியவில்லை. ஏலே குரைத்து நான் கேட்டதே இல்லை, அடிவயிற்றிலிருந்து அப்படி ஒரு சத்தம். தொழுகையை விட முடியுமா? ஸஜ்தாவில் நெற்றி வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்ததை மாப்பிள்ளைதான் பிறகு சொன்னார். வேலியில் சந்து கண்டுபிடித்துத் தெருநாய்கள் மூன்று உள்ளே வந்திருக்கின்றன. ஆடுகள் இரண்டும் திண்டின் மேல் ஏறிவிட்டன, குட்டியால் ஏற முடியவில்லை. நம்முடையவன் எழுந்தானாம். சாக்கு இல்லாமல், யாரும் பிடிக்காமல் எழுந்து நாலு காலில் நின்றானாம். குட்டியைத் தன் வயிற்றடியில் விட்டுக்கொண்டு நின்று குரைத்திருக்கிறான். ஒன்று காதைக் கவ்வியும் நகரவில்லை. மாப்பிள்ளை தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு ஓடி மூன்றையும் விரட்டும் வரை நின்றான். விரட்டிய பிறகு பொத்தென்று விழுந்துவிட்டான்.

கவிப்ரியா டாக்டர் வந்து காதில் தையல் போட்டாள். இடுப்பு பழையபடிதான், கெட்டுப்போகவில்லை. குட்டிக்கு ஒரு கீறல் கூட இல்லை. பயப்படாதே.

நான் உனக்குச் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் எழுந்து ஓடினேன். பின்கதவு வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். மாப்பிள்ளை அவனை இரண்டு கையிலும் அள்ளி நெஞ்சோடு தூக்கிக்கொண்டு நிழலுக்கு வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தமும் எச்சிலும். சாக்கு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது சோலை, அவர் கைக்கு எட்டும் தூரத்தில். “ஒண்ணுமில்லலே, ஒண்ணுமில்லலே” என்று சொல்லிக்கொண்டே கீழே விட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் சங்கடப்படுவார்.

பிறகு குழாயடிக்குப் போனார். சட்டையைக் கழற்றித் தனியாகப் போட்டார். வாளியில் இருந்து மண்ணள்ளித் தேய்த்து, முறைப்படி ஏழு தடவை, முழங்கை வரை கழுவினார். எல்லாம் முடித்துக் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் வரத் திரும்பினார். ஏலே படுத்தபடியே ஒரு தடவை முனகினான்.

மாப்பிள்ளை நின்றார். திரும்பிப் போனார். அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுவிய கையை எடுத்து அவன் ஈரத் தலையில் வைத்தார்.

நான் சத்தம் போடாமல் முன்வாசல் வழியாகப் போய், இன்னொரு வாளி மண் அள்ளிக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தேன்.

ஆடுகளைத் திருப்பிக் கேட்டுவிடாதே. அவன் வேலை போய்விடும்.

உன்
மெஹர்